சுலோச்சனாவின் கை

சாம்பியன் ரீஃப்,
10-2-1963

அன்பு மகள் சுலோச்சனாவுக்கு, தங்கச் சுரங்க லைனில் உங்களுக்கு மூன்றாவது வீட்டுப் பாப்பம்மா பெரியம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், எங்கள் வீட்டுக்காரர், கோழிகள் எல்லாரும் சுகம். நீயும் உன் அம்மா அப்பாவும் அங்கே சுகமாக இருக்கிறீர்களா என்று எழுது.

இவள் எங்கே கடிதம் எழுதக் கிளம்பினாள் என்று நினைப்பாய். மைன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள்தான் நான். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள். வேறு யாரையும் எழுதித் தரச் சொல்ல மனம் வரவில்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று உன்னைப் பேரணாம்பட்டுக்கு அனுப்பினார்கள். மாதம் ஒன்றாகிறது. உன் மாமியார் பார்வதம்மாவிடம் கேட்டால், வருவாள், வருவாள் என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். உன் வீட்டுக்காரன் ராஜேந்திரன் சுரங்க மில்லுக்குப் போகிறான், வருகிறான். இளைத்துவிட்டான். பையில் இருக்கிற சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறானாம்.

கோழி முட்டை விஷயத்தை நினைத்து நீ அழுவதாகக் கேள்விப்பட்டேன். அடை வைத்த ஒன்பதாம் நாள் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துப் பூமி ஆடியதே, எங்கள் வீட்டுச் சுவர் கூட மூலையில் விரிந்துவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆட்டத்தில் கலங்கித்தான் பத்து முட்டையும் கூமுட்டையாகப் போயின. மணல் பரப்பி, கரித்துண்டும் ஆணியும் போட்டு, நீ முறைப்படிதான் வைத்தாய். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதைப் பார்வதம்மாவிடமும் சொன்னேன்.

சொன்னதோடு விடவில்லை. போன வாரம் என் பட்டுக்கோழி இட்ட முட்டையில் நல்லதாகப் பத்து பொறுக்கி அவளுக்குத் திரும்பவும் கொடுத்திருக்கிறேன். பொரிந்தால் அவள் மனம் குளிரும். குளிர்ந்தால் உன்னை அழைத்துக்கொள்வாள். நல்ல சேதி வரும், கவலைப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு. எனக்கு ஒரு வரி எழுது.

ஆசியுடன்,
பாப்பம்மா


சாம்பியன் ரீஃப்,
20-3-1963

அன்பு மகள் சுலோச்சனாவுக்குப் பாப்பம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கிறபோதெல்லாம் அது கையில் தட்டுப்படுகிறது.

நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாய். அத்தை வைத்த அடையில் எட்டுக் குஞ்சு பொரிந்ததாமே, அப்போதும் பூமி ஆடியதாமே, அப்படியென்றால் என் கைதானா பெரியம்மா என்று. உங்கள் அம்மா வீட்டில் விதைப் பானையைத் தொடக்கூட உனக்குப் பயமாக இருக்கிறது என்று கீழே எழுதி, அதை அடித்தும் இருக்கிறாய். அடித்ததையும் படித்துவிட்டேன்.

உன் கை இல்லை சுலோச்சனா. பூமி ஆடியதும் இல்லை. நான்தான். உனக்குக் கொடுத்த பத்து முட்டையையும் வெந்நீரில் முக்கி எடுத்துத்தான் கொடுத்தேன்.

எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதுகிறேன், பாதியில் கிழித்துப் போடாமல் படி.

அந்தக் கோழிகள் என்னிடம் வந்த கதை உனக்குத் தெரியாது. ஐம்பத்தாறில் துரைமார் பலர் சீமைக்குத் திரும்பியபோது, ஒரு பங்களா துரைசானி தன் சமையல்கார வால்டரிடம் இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் விட்டுவிட்டுப் போனாள். வால்டர் பெங்களூருக்குக் குடிபோகிறபோது எங்களிடம் கொடுத்தான். அதுவரை இந்த லைனில் என்னை யாருக்குத் தெரியும்? தண்ணீர்க் குழாயடியில் வாய் நீளமான பாப்பம்மா, பிள்ளை இல்லாத பாப்பம்மா, அவ்வளவுதான். இறகா பஞ்சா என்று தெரியாத உடம்பு, தோலோ கறுப்பு, காலில் ஐந்து விரல், பறக்கவும் தெரியாது. அந்தக் கோழிகளைப் பார்க்க ஆண்டர்சன்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். யாராவது பெரிய வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தால் காலையிலேயே சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி வெயிலில் உலர்த்துவேன். எங்கள் வீட்டுக்காரர், எனக்கு ஒரு நாளாவது இப்படி முதுகு தேய்த்திருப்பாயா என்று கேலி செய்வார். நாட்டுச் சேவல் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று வேலியைச் சுற்றிச் சுற்றி வருவேன். கலந்துவிட்டால் குஞ்சுக்குச் சாதாரண இறகு வந்துவிடும். ஏழு வருஷம் கலக்காமல் காப்பாற்றினேன். ஒருவருக்கும் ஒரு குஞ்சு, ஒரு முட்டை கொடுத்ததில்லை.

பார்வதம்மா மூன்று தடவை கேட்டாள். எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது இருபது நாள் கஞ்சி வைத்து ஊற்றியவள் அவள். அவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. அவள் வீட்டு வாசலிலும் அதே கோழி மேய்ந்தால் என் வீட்டுக்கு எவள் வருவாள்? இதுதான் என் புத்தி. பத்து முட்டையையும் பழைய துணியில் கட்டினேன். குளிக்கக் காய்ச்சிய தண்ணீரில், கை பொறுக்காத சூட்டில் அமுக்கிப் பிடித்தேன். பிறகு துடைத்து ஆறவைத்துக் கூடையில் தவிட்டின்மேல் அடுக்கினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொரிக்காது, அடை கெட்டுப்போனது என்று விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுகூட நினைத்தேன்.

கூடையை வாங்க அவள் வருவாள் என்று இருந்தேன். நீ வந்தாய். குழந்தையை வாங்குவது போல மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டு, எல்லாம் பொரிச்சா மொதக் குஞ்சுக்கு உங்க பேரு தான் பெரியம்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்போதே பிடுங்கி வைத்திருக்கலாம். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

உன் கையால் வைத்தால் விருத்தியாகும் என்று பார்வதம்மா உன்னையே அடை வைக்கச் சொல்லுவாள் என்று நான் எண்ணவில்லை. இருபத்து நாலாம் நாள் அவள் ஒரு முட்டையை உடைத்தபோது நானும் அங்கே இருந்தேன். நாற்றம் கிளம்பியதும் அவள் முட்டையைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தாள். வீட்டுக்குத் தூரமானதை மறைத்துக்கொண்டுதானே தொட்டாய் என்றாள். அது மறுநாள்தான் என்று நீ அழுதாய். கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு, இவ கை பட்டா எதுவும் பொரிக்காது, வயித்துலயும் அப்டிதான் கீது என்று அவள் சொன்னது உன் காதில் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. பிள்ளை இல்லாதவள் என்ற பேச்சை இருபது வருஷம் கேட்டவள் நான். அது எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து கோழிக்குக் கேழ்வரகு போட்டேன். குழாயடியில் ஊரையே கிழிக்கிற வாய் அது.

பிறகுதான் நல்ல முட்டையாகப் பத்து கொடுத்தேன். பரிகாரம் என்று நினைத்தேன். அது எட்டாகப் பொரிந்தது. பார்வதம்மா குஞ்சுகளை முறத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினாள். அதே கோழி முட்டைதான், அதே மூலைதான், பூமி கூட ஆடுச்சு, என் கைக்குப் பொரிச்சுது பாரு என்றாள். உனக்கு நல்லது செய்யப் போய் உன் கழுத்தில் முடிச்சை இறுக்கிவிட்டேன். பூதிகோட்டையில் ராஜேந்திரனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதாகப் பேச்சு வந்ததும் அதற்குப் பிறகுதான். இதை நான் மறைக்கக் கூடாது. எவளோ வந்து சொல்லித் தெரிவதைவிட என் கையால் தெரியட்டும்.

உன் கடிதம் வந்த அன்றே பார்வதம்மா வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீர் எவ்வளவு சூடு, துணி என்ன நிறம் என்பது வரை சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பொண்ணு வாழணும்னு உன் தலையில பழி போட்டுக்கிறியே பாப்பம்மா, உன்ன மாதிரி மனசு யாருக்கு வரும் என்று அழுதாள். நான் சத்தியம் செய்தேன். பொய்ச் சத்தியம் பண்ணாதே, உனக்குப் பாவம் வரும் என்று என் வாயைப் பொத்தினாள். கத்தினேன், சண்டை போட்டேன். காபி கொடுத்து அனுப்பினாள்.

இப்போது லைன் முழுவதும் அதே பேச்சு. குழாயடிக்குப் போனால் எனக்கு முதலில் வழி விடுகிறார்கள். ஊரான் வீட்டுப் பெண்ணுக்காக இப்படிச் செய்கிறவள் உண்டா என்று, என்னை ஒரு நாளும் மதிக்காதவளெல்லாம் புகழ்கிறாள். ஏழு வருஷம் கோழி வளர்த்துத் தேடிய பெயர், நான் செய்த பாவத்தைச் சொன்னதற்குக் கிடைத்திருக்கிறது.

ராஜேந்திரனையும் மில் வாசலில் நிறுத்திச் சொன்னேன். அவன் அழவும் இல்லை, புகழவும் இல்லை. எவ்ளோ நேரம் முக்கினீங்க என்று மட்டும் கேட்டான். நூறு எண்ணுகிற நேரம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டைக்குப் பெண் பார்க்கக் கூப்பிட்டதற்கு ஷிப்ட் இருக்கிறது என்று மறுத்துவிட்டான். அன்று அவனுக்கு ஷிப்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும். இதற்குமேல் அவனைப் பற்றி ஆசை காட்ட மாட்டேன். ஒரு முறை ஆசை காட்டி எழுதியதே போதும்.

உனக்கும் பத்து முட்டை அனுப்பி, நீயே வைத்துப் பார் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். நல்ல கை வைத்தாலும் பத்தில் இரண்டு எப்படியும் கெட்டுப்போகும். பொரிந்த எட்டை விட்டுவிட்டு நீ அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு கோழி உட்கார்ந்து உன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் படித்துக் காட்டு. அப்பாவிடமும் காட்டு. பஞ்சாயத்துக் கூட்டினாலும் நான் பஸ் ஏறி வந்து நிற்கிறேன், எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை, கேட்கவும் இல்லை. நீயும் பார்வதம்மா மாதிரி, பெரியம்மா என் மேல் உள்ள பாசத்தில் இப்படி எழுதுகிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே, என் தாயே. உன் கைக்கு ஒரு குறையும் இல்லை, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டிய கை அது. நான் கெட்டவள் என்று நம்புவதற்கு இங்கே ஒருவரும் இல்லை. நீ ஒருத்தியாவது நம்பு.

இப்படிக்கு,
உன் வாழ்க்கையைக் கெடுத்த
பாப்பம்மா