கை ஆடினால் ஓடும் வாட்ச்

அன்பு மகன் சஹீருக்கு, கோட்டைமேட்டிலிருந்து அத்தா அப்துல் குத்தூஸ் ஸலாம் சொல்லி எழுதச் சொல்வது. அல்லாஹ் கிருபையில் இங்கே எங்கள் இருவருக்கும் மூச்சும் பேச்சும் குறையில்லை. அங்கே நீயும் மருமகள் மிஸ்பாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அந்தப் பனிக்குள் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். மாடி வீட்டில் குடியிருக்கிற ஹுமேரா டீச்சர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறது. உன் அம்மா கறிக்கடைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் முடிக்க வேண்டும். உன் சிநேகிதன் முகமது ரியாஸ் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கனடாவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதை நீ தனியாக உட்கார்ந்து படி.

கடிதம் எதற்கு, தினமும் போனில் முகம் பார்த்துத்தானே பேசுகிறோம் என்று நினைப்பாய். போன் உன் அம்மா கையில் அல்லவா இருக்கிறது. அவள் பிடிக்கிற பிடியில் நீ என் முகத்தையும் வலது தோளையும்தான் பார்த்திருப்பாய். யோசித்துப் பார் கண்ணு, ரம்ஜான் முடிந்ததிலிருந்து என் இடது கையை ஒரு தடவையாவது பார்த்தாயா. அது துண்டுக்கு அடியில் இருக்கிறது. பெருநாள் முடிந்து பத்தாம் நாள், வியாழக்கிழமை, விடிகாலை சுபுஹு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போன இடத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தோம். உன்னிடம் பிரஷர் என்று சொன்னோம், வாட்ச் கை தவறிக் கீழே விழுந்து உடைந்தது என்று சொன்னோம். வாட்ச் தானாக விழவில்லை, கட்டியிருந்தவன் விழுந்ததில் உடைந்தது. அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான், உன் அம்மாவைக் குறை சொல்லாதே. நீ அந்த வாரம்தான் மிஸ்பா உண்டாகியிருக்கிறாள் என்று சொல்லியிருந்தாய், அந்தச் சந்தோஷத்தின் தலையில் இதைப் போட எனக்கு மனசு வரவில்லை. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது, கைத்தடி ஊன்றி நடக்கிறேன். கைதான் வரவில்லை.

வாட்ச் உடைந்தது என்று கேட்டதும் நீ பக்ரீத்துக்கு இந்தப் பெரிய வாட்ச்சை அனுப்பிவைத்தாய். இதற்குப் பேட்டரியும் வேண்டாம் சாவியும் வேண்டாம் அத்தா, கை ஆட ஆடத் தானாக ஓடும் என்றாய். பின்பக்கம் கண்ணாடி வைத்து, உள்ளே பாதி நிலா மாதிரி ஒரு தகடு ஆடுகிறதையும், விநாடி முள் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி போகிறதையும் ரியாஸின் தகப்பனார் முதல்கொண்டு தெருவே பார்த்துவிட்டுப் போனது. பேட்டரி வாட்ச் எல்லாம் பிளாஸ்டிக் சாமான், அதற்கு உயிர் இல்லை என்று நீ போனில் சொன்னாய்.  அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன் கேள். எண்பத்தேழாம் வருஷம் தை மாசம், சத்தியமங்கலத்தில் ஆற்றை ஒட்டின மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருந்தேன், ஆறு பெரிய தேக்சா பிரியாணி, என் கையில் சாவி கொடுக்கிற வாட்ச். தினமும் சுபுஹு தொழுதுவிட்டு இருபது சுற்று சாவி கொடுப்பேன், அதுவும் உயிருள்ள வாட்ச்தான். தம் போட்டுவிட்டு மணி பார்த்தேன், பதினொன்று இருபது. பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர், பச்சைத் தலைப்பாகை, ஊர்க்கதை பேசப் பிடித்துக்கொண்டார். நடுவில் பார்த்தேன், பதினொன்று இருபது. அட நேரம் போகவே இல்லையே என்று மறுபடியும் பேச்சு. ஆவி உள்ளே இறங்கி முள் நின்றுபோனது எனக்குத் தெரியவில்லை. வாசனை வந்து ஓடிப்போய் மூடியைத் திறந்தால் ஆறு தேக்சாவும் அடிப்பிடித்திருந்தது. அந்தத் தலைப்பாகைக்காரரே எட்டிப் பார்த்து, ஏனுங் பாய், பாதியை அடுப்புக்கே பந்தி வெச்சுப்போட்டீங்களா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அந்த வருஷமே பேட்டரி வாட்ச்சுக்கு மாறிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம், மூன்றே வாட்ச். வெந்நீர் பட்டது, ஆவி பட்டது, நெய் பட்டது, ஒன்றுக்கும் மசியவில்லை. நாலு நாள் கட்டாமல் ஆணியில் மாட்டிவைத்தாலும் அது பாட்டுக்கு டக் டக் என்று விநாடிக்கு ஓர் அடி வைத்துப் போய்க்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்தால் சொல்லாமல் நின்றுவிடும், அந்த ஒரு குறை உண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிப் போட்டால் ஆயிற்று. அதற்கு உயிர் இல்லை என்றாய், இல்லாததுதான் நல்லது. யாரையும் எதையும் கேட்காது. நான் விழுந்த அன்று கண்ணாடி நொறுங்கியும் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஓடியது, அப்புறம்தான் தண்ணீர் இறங்கி நின்றது. தெரு முனையில் வாட்ச் கடை வைத்திருக்கிற நரசிம்மலு, இனி இதுக்கு வைத்தியமில்லீங்க என்று கைவிட்டுவிட்டார்.

நீ அனுப்பியதை இடது கையில்தான் கட்டுகிறேன். முழங்காலில் அந்தக் கையை எடுத்து வைத்து, வலது கையால் பட்டையை மாட்டி, பல்லால் கடித்து இழுத்துக் கட்டுவேன். வலது கையில் கட்ட வேண்டுமென்றால் இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நானாகச் செய்கிற வேலை இது ஒன்றுதான் சஹீர், அதனால் யாரையும் தொட விடுவதில்லை. ஒளு செய்யப் போகும்போது மட்டும் கழற்றி உன் அம்மாவிடம் கொடுப்பேன், முடிந்து வந்ததும் அவள் திருப்பிக் கொடுப்பாள். நாலு மாசம் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாமல் ஓடியது. இது ஓடுகிறதைப் பார்த்து நான் வேறொன்று நினைத்துக்கொண்டேன். கை ஆடினால் ஓடும் என்றால், ஓடுகிறது என்றால், கை ஆடுகிறது என்றுதானே அர்த்தம். எனக்குத் தெரியாமலே உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். கையை விட வாட்ச்சுக்கு விவரம் அதிகம் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான், அம்மாவைப் பிரசவத்துக்கு ஆறு மாசம் கூட்டிக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டபோது, தாராளமாகக் கூட்டிக்கொள், நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொன்னேன். என்னையும்தான் கூப்பிட்டாய். குளிர் ஆகாது என்று கழித்துவிட்டேன். விமான நிலையத்தில் நான் நடந்து வருகிற நடையை நீ பார்ப்பாயே என்ற பயம்தான்.

போன மாசம் பெருந்துறையில் உன் சின்னம்மா மகளுக்கு நிக்காஹ். உன் அம்மா போகவே மாட்டேன் என்றாள். ஏனுங்க, உங்களை உட்டுப்போட்டு நான் எப்படிப் போறதுங்க என்று அழுதாள். ஆறு மாசம் இருக்கப்போகிறவன் மூன்று நாள் இருக்க மாட்டேனா, போய்விட்டு வா என்று நான்தான் விரட்டினேன். சாப்பாடு ரியாஸ் வீட்டிலிருந்து வந்தது. கைலி அவிழ்ந்தால் ஒரு கையால் கட்ட முடியாது, அதனால் அந்த மூன்று நாளும் அவள் போகும்போது கட்டிவிட்ட பெல்ட்டை நான் ராத்திரியிலும் கழற்றவில்லை. இதை எழுத ஹுமேரா பேனாவை நிறுத்தியது, எழுதும்மா, அவன் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். மாத்திரை அட்டையைப் பிதுக்க முடியாமல் பல்லால் கிழித்து, இரண்டு மாத்திரை கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது, குனிந்து எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவன் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்து மணி பார்த்தேன், இரண்டு நாற்பது. சாய்ங்கால மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். பிறகும் பார்த்தேன், இரண்டு நாற்பது. அப்போது பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். சத்தியமங்கலத்தில் வந்த அதே வாசனை மூக்கில் அடித்தது என்றால் நம்புவாயா.

மறுநாள் காலையில் தடி ஊன்றி, மூன்று இடத்தில் நின்று நின்று, நரசிம்மலு கடைக்குப் போனேன். அவர் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, வாட்ச்சுல ஒரு கோளாறும் இல்லீங்க பாய், கை ஆடுனா ஓடும், ஆடலீன்னா ரெண்டு நாள்ல நின்னுபோடும், அதுதான் பக்ரீத் முடிஞ்சு அம்மா வந்து கேட்டப்பவே சொல்லியுட்டனுங்களே, வேளைக்கு முப்பது தடவை ஆட்டிக் குடுங்கன்னு, இப்ப ஆட்டறதில்லீங்களா என்று கேட்டார்.  அவங்க ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் எதையோ ஒளறிப்போட்டனுங்களா பாய் என்று டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானமே உன் அம்மா வந்துவிட்டாள். வழக்கம்போல வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒளு செய்ய உட்கார்ந்தேன். குழாய்க்கு மேலே மாட்டியிருக்கிற கண்ணாடியில் சமையல்கட்டு தெரியும், இத்தனை நாள் நான் பார்த்ததில்லை. அவள் கிரைண்டர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஜுரம் பார்க்கிற குழாயை உதறுகிற மாதிரி வாட்ச்சை உதறிக்கொண்டிருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, நாலு மாசம். அவளுக்குத் தோள்வலி என்று நீ தைலம் அனுப்பினாயே, அது எதனால் என்று இப்போது உனக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. கேட்டால், என் நம்பிக்கை போய்விட்டது என்று தெரிந்து அவள் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவாள். அவள் வராவிட்டால் மிஸ்பாவுக்கு அங்கே யார் இருக்கிறார்கள், தாயில்லாத பிள்ளை, முதல் பிரசவம், பனிக்காலம். உன் அம்மா வாயால் ஆசை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் என் பழைய வெள்ளை வேட்டிகளை எல்லாம் துவைத்துக் கிழித்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்துவைத்திருக்கிறாள், பதினொரு சட்டை, நான் எண்ணினேன். பிரசவ மருந்துக்குச் சுக்கும் மிளகும் காய்கிறது. முப்பத்தைந்து வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வருகிறது. அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்ல அன்றைக்கு வந்த வாயும் இன்றைக்கு வரவில்லை. இரண்டாயிரம் பேருக்குச் சோறு கிளறின கை, ஒரு வாட்ச்சை ஓட்ட முடியவில்லை. எனக்கு வழி தெரியவில்லை சஹீர். நீயே ஒரு முடிவு செய், ஆனால் எல்லாம் தெரிந்து செய்.

மிஸ்பா கனமான சாமான் தூக்க வேண்டாம், காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள்ளச் சொல். என் துஆ உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு, அல்லாஹ் சுகப்பிரசவம் ஆக்கித் தருவான், பிள்ளை ஆண்டு நூறு ஈமானோடு வாழட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. அம்மாவைக் கூப்பிடுவதாக முடிவு செய்தால், அவள் கிளம்புகிற பதினெட்டாம் தேதிக்கு முன்னால், அந்தப் பக்கமிருந்து வருகிற யார் கையிலாவது ஒரு பேட்டரி வாட்ச் அனுப்பு. நரசிம்மலு கடையிலேயே சரம் சரமாகத் தொங்குகிறது, ஆனால் நானாக வாங்கிக் கட்டினால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். நீ அனுப்பினால் சந்தேகம் வராது. எந்த வாட்ச் ஆனாலும் சரி, யாரும் ஆட்டாமல் ஓடினால் போதும். கூப்பிடவில்லை என்றால் ஒன்றும் அனுப்ப வேண்டாம், இதுவே ஓடும்.

இப்படிக்கு உன் அத்தா,
அப்துல் குத்தூஸ்
(ஆபீஸ்களில் எப்போதும் இடது பெருவிரலைத்தான் கேட்பார்கள், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அதையே வைத்திருக்கிறேன். ஹுமேரா பிடித்து அழுத்தியது. ரேகை சரியாக விழுந்திருக்கிறதா பார்.)