முட்டி மடங்காத பூதம்

மார்ச் 4, 1957

ஏழாவது பூதப் படமும் எழுதி முடித்தாயிற்று. திரையில் வழக்கம்போல் ‘கதை, வசனம்: கதை இலாகா’ என்றுதான் வரும். அந்த இலாகா என்பது நானும் ஓர் ஒழுகும் பேனாவும். என் பெயரைப் போடச் சொல்லி முதலாளியிடம் மறுபடி கேட்டேன். “பொம்பளை எழுதினதுன்னு தெரிஞ்சா எவம்மா பயப்படுவான்?” என்றார். எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும், எவன் பயப்படுவான் என்று.

மார்ச் 11

பூத உடுப்பு தயார் என்று ஸ்டூடியோ தையல்காரர் சொல்லி அனுப்பினார்.

மார்ச் 12

ஐயோ! ரப்பர் பூசிய உடுப்பு சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார் அந்த மகானுபாவர். விறைத்துக் கட்டையாகிவிட்டது. பூதமாக நடிக்கும் பயில்வான் அதற்குள் நுழைந்தால், முட்டி மடங்கவில்லை. நடக்கிறார், அவ்வளவுதான். என் கதையிலோ பூதம் பதினோரு இடத்தில் ஓடுகிறது, இரண்டு இடத்தில் சுவரேறிக் குதிக்கிறது! வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. புதிதாகத் தைக்க ஏது நேரம்?

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “கதையை மாத்திக் கொடும்மா.”

“மாத்தறேன். என் பேரைப் போடுங்க.” எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்!

மேலும் கீழும் பார்த்தார். “கேட்டு எனக்கே பயம் வந்தா போடறேன்.”

மார்ச் 13

ஓடாத பூதத்துக்கு யார் பயப்படுவார்கள்? பகல் முழுக்கக் கிழித்த தாள்தான் மிச்சம்.

மாலை பள்ளியிலிருந்து வந்த கணவரை, முட்டியை மடக்காமல் கூடத்தில் நடக்கச் சொன்னேன். கணக்கு வாத்தியார், பாவம், சொன்னதைச் செய்வார். அந்த நேரம் பார்த்தா நாத்தனார் வர வேண்டும்? “அண்ணி! அண்ணனுக்கு என்ன ஆச்சு?” என்று அழுதேவிட்டாள். எனக்கோ சிரித்துச் சிரித்து வயிறு வலி.

விஷயத்தைச் சொன்னதும் என்மேல் பாய்ந்தாள். “போங்க அண்ணி! ஓடி வந்திருந்தா விளையாடறார்னு நினைச்சிருப்பேன். மெதுவா, நிக்காம, என்னையே பார்த்துக்கிட்டு வந்தாரா, ஈரக்குலையே நடுங்கிப் போச்சு.”

அடிப்பாவி, எனக்கு இது தோன்றவில்லையே! ஓட வேண்டியது பூதமில்லை, மற்றவர்கள். ஓடட்டும், ஒளியட்டும், கதவைப் பூட்டட்டும் — அது நடந்தே வரும்.

மார்ச் 14

முதலாளி அறையில் நானே வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது கணக்கர் கதவைத் தட்டினார். முதலாளி துள்ளி எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.

“சரி, சரி, போடறேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். தெருமுனை வரை சிரிப்பை அடக்கினேன். அதற்குமேல் முடியவில்லை.

ஜூலை 20

முதல் காட்சி. திரை முழுக்க என் பெயர். கணவர் என் கையை நசுக்கியே விட்டார்.

பின்வரிசையில் ஒரு மீசைக்காரர் தன் மனைவியிடம், “பொம்பளை எழுதின பூதப் படமா? நிம்மதியாத் தூங்கலாம்” என்றார். சுருக்கென்றது.

இடைவேளைக்கு விளக்கைப் போட்டார்கள். மீசைக்காரர் எழுந்தார். கதவு வரை போனார். வெளியே இருட்டாக இருந்த நடைவழியை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மனைவியிடம் மெல்லக் கேட்டார்: “நீயும் கூட வர்றியா?”