கொய்யாக்காயும் நாலாவது சீட்டும்

3-6-85, திங்கள்
காலையிலேயே அனல். குழாயில் தண்ணீர் இல்லை.

ரயிலில் இன்று அவமானம். எழுதித் தொலைக்காவிட்டால் தூக்கம் வராது. மூன்று பேர் சீட்டில் நாலு பேராக நெருக்கி உட்கார்ந்து பீச் ஸ்டேஷன் வரை போவது எங்கள் செட்டின் வழக்கம். விமலா தாம்பரத்தில் ஏறி, குரோம்பேட்டையில் ஏறும் எனக்கு இடம் போட்டு வைப்பாள். ஐந்து வருஷப் பழக்கம். இன்று என் இடத்தில் அவள் ஆபீஸ் புது டைப்பிஸ்ட் ஷீலா. விமலா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ உக்கார்ற இடத்துல ரெண்டு பேர் உக்காரலாம் கஸ்தூரி. நின்னுண்டு வா, உடம்புக்கும் நல்லது."

லேடீஸ் கம்பார்ட்மென்ட் முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இளைத்துக் காட்டுகிறேன். விமலாவை நிற்க வைக்கிறேன்.

4-6, செவ்வாய்
நிறுத்தம்: கேன்டீன் போண்டா, மிக்சர், நாலு மணி காப்பிக்குச் சர்க்கரை. பதிலுக்குப் பொரி, வெள்ளரி, கொய்யாக்காய், தாளிக்காத சுண்டல்.

பொரி எவ்வளவு தின்றாலும் வயிறு கேட்கவில்லை. இவர், "என்ன, ஆயுத பூஜை இப்பவே வந்துடுத்தா?" என்றார். ராத்திரி அவருக்கும் சுண்டல்தான்.

8-6, சனி
விரதம். சாதம் தொடவில்லை, பலகாரம் மட்டும். ஆறு இட்லி, இரண்டு அடை, தொட்டுக்கொள்ள வெல்லம். "இதுக்குப் பேர் விரதமா?" என்றார் இவர். யோசித்தால் நியாயம்தான். இத்தனை வருஷம் பெருமாள் பேரைச் சொல்லி உடம்பு வளர்த்திருக்கிறேன். அடுத்த சனி மோரும் வெள்ளரியும்.

14-6, வெள்ளி
தினமும் நின்றபடி. கால் வீக்கம். ரயிலில் கொய்யா விற்கிற அம்மா, ஊருக்கே கேட்கிற மாதிரி: "இன்னாம்மா, டெய்லி காயே துன்னுகினு கீறே? வூட்ல சோறு ஆக்கலியா?" மறுபடி சிரிப்பு. வி.யின் சிரிப்புதான் பெரிசு.

சாயங்காலம் பல்லாவரம் சந்தை. வெள்ளரிப் பிஞ்சு, பச்சைப்பயறு, கடலை மாவு. மாவு எனக்கில்லை.

17-6, திங்கள்
ரிப்பன் பக்கோடா பிழிந்து ஒரு டப்பா வி.க்கு. வெண்ணெய் கூடுதல். வாசனையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை.

"கைப்பக்குவம்னா உன்னோடதுதான்டி!" டப்பா காலி.

தின்னு தாயே, தின்னு.

28-6, வெள்ளி
தினம் ஒரு டப்பா. பாவி ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை. தின்றதெல்லாம் எங்கே போகிறதோ! எனக்கு ஜாக்கெட் தொளதொள. ஸ்டேஷன் எடை மிஷினில் சீட்டு எடுத்தேன். ஐந்து கிலோ குறைவு. பின்பக்கம் ஜோசியம்: "பிறரை மன்னிக்கும் குணம் உடையவர்." மிஷினுக்கு என்ன தெரியும்?

ஆனாலும் இடமில்லை. "ஷீலா பழகிட்டா, பாவம்" என்கிறாள் வி. நான் பாவமில்லையா? இளைத்தும் நிற்கத்தான் வேண்டுமென்றால் எதற்கு இளைத்தேன்? பக்கோடா இன்றோடு சரி.

சீசன் டிக்கெட் முடிகிறது. இனி தாம்பரத்திலிருந்தே எடுப்பதாக முடிவு.

8-7, திங்கள்
விடியலில் தூறல். சீக்கிரமே கிளம்பி, குரோம்பேட்டையில் தாம்பரம் போகிற வண்டியில் ஏறினேன். அதே வண்டிதான் பீச்சுக்குத் திரும்பும். தாம்பரத்தில் இறங்கவே இல்லை. ஜன்னலோரம் நான். பக்கத்தில் ஷீலா வந்து உட்கார்ந்தாள், அப்புறம் யாரோ ஒரு டீச்சர். வி. கடைசியில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். எங்கும் இடமில்லை. என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே சிரிப்பு.

"அடியே, எப்படி இளைச்சுட்டே! இன்னொரு ஆளுக்குத் தாராளமா இடம் இருக்கே. தள்ளிக்கோ."

இருந்தது. நிஜமாகவே இருந்தது. ஷீலா நகரப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது நான் பட்டினி கிடந்து சம்பாதிச்ச இடம் விமலா."

காலை அகட்டி, புடவையைப் பரப்பி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பீச் வரை நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன், ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.