பேசும் வெர்னியர்

மார்ச் 4

மழைக்கு முந்தைய வெளிச்சம் கூடம் முழுக்க. என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் டிஜிட்டல் வெர்னியரைக் கண்ணுக்குக் கிட்டே வைப்பதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தார். "எட்டா, மூணா?" என்றார். எட்டு என்றேன்.

பட்டறையில் கடைந்து வரும் உருளைகளின் தடிமனை இந்த வெர்னியரால் அளந்து தரம் பிரிப்பது அவர் வேலை. கண் இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனுஷன் வாயே திறப்பதில்லை. மாசக் கடைசியில் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்களாம். பேக்கிங்காம்! யாரைப் பார்த்து?

மார்ச் 9

வெர்னியர் ஓரத்தில் குட்டி மூடி. தள்ளினால் உள்ளே நாலு தகடுகள். திரையில் தெரியும் எண்ணை இந்த வழியாகவும் அது சொல்லிக்கொண்டே இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. நடுவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு வைத்துக் கணினியோடு இணைத்தால், கணினி வாய்விட்டுப் படிக்காதா? ஊரார் போனையெல்லாம் பிரித்து மேய்கிற எனக்கு இது முடியாதா?

அவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

மார்ச் 13

ஒன்றும் வரவில்லை. வெர்னியர் ஒன்றரை வோல்ட்டில் முணுமுணுக்கிறது, சில்லுக்குக் காதிலேயே விழவில்லை. டிரான்சிஸ்டர் போட்டு அந்தக் குரலைத் தூக்கிவிட்டேன்.

மார்ச் 14

வந்தது! ஆனால் விரல் தடிமன் கம்பியை அளந்தால், தெரு நீளம் என்கிறது.

மதியம் கண்ணயர்ந்தேன். கூடம் முழுக்க எண்கள் மிதந்தன, இறகு மாதிரி. எல்லாம் தலைகீழாக. விழித்ததும் உறைத்தது — டிரான்சிஸ்டர் தூக்கிவிடும்போதே திருப்பியும் விடுமே! ஒன்று பூஜ்யமாகும், பூஜ்யம் ஒன்றாகும். படித்ததை இப்படியா மறப்பேன், மக்கு! நிரலில் ஒரே வரி மாற்றினேன். கம்பி கம்பியாயிற்று.

மார்ச் 19

கணினியின் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. என் குரலிலேயே பூஜ்யம் முதல் ஒன்பது வரை பதிந்தேன். அப்புறம் "புள்ளி".

மார்ச் 28

பட்டறையில் சோதனை. நான் இங்கே வீட்டில் ஒரே போனை மூன்று தடவை பிரித்துப் பூட்டினேன். ஒரு தட்டு உருளைகளை சூப்பர்வைசர் கண்ணால் பார்த்து அளந்தாராம், இவர் காதால் கேட்டு அளந்தாராம். ஒன்றுகூடப் பிசகவில்லை. "நீங்க இங்கயே இருங்க" என்றுவிட்டாராம்.

அழுதேன். என்ன செய்ய, வந்துவிட்டது.

ஏப்ரல் 2

பட்டறையில் எல்லோரும் கேலியாம். "அண்ணே, அண்ணி ஏழு மட்டும் ஏன் இவ்வளவு கோவமா சொல்றாங்க?"

சாயங்காலம் அவர் முகம் கழுவிவிட்டு வந்தார். "என்ன சேதி?" என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து. நாள் பூரா நீதான் பேசின. இப்ப நான் பேசறேன்" என்றார்.

பேசினார். சாப்பாடு ஆறியே போயிற்று.