எழுந்திருக்கத் தெரியாத இரண்டாவது டிரைவ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர எனக்கு இங்கே குறையொன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சௌக்கியமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்பாய், அந்த அப்புறம் வருவதற்குள் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன் அப்பா அயர்ன் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டி போன வாரம் படுத்துவிட்டது. ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, டிவியில் ஒரு படமும் வரவில்லை. நீ சட்டென்று "பழசும்மா அது, தூக்கிப் போடு" என்றாய். உனக்கென்ன, சொல்லிவிட்டாய். நம் வீட்டு வீடியோ அத்தனையும் அதில்தான் இருக்கிறது. பிடித்ததெல்லாம் உன் அப்பா என்பதால் ஒன்றிலும் அவர் முகம் இல்லை, "கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் பத்தல" என்று குரல் மட்டும் வரும். சாயங்காலம் நான் போட்டுக்கொண்டு உட்காருவது அந்தக் குரலுக்காகத்தான். அது இல்லாமல் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். பெரிய டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், பெட்டியை எழுப்பிவிடும் சின்ன பென் டிரைவ்தான் போய்விட்டதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்று இரண்டு டிரைவ் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுத வைத்தால், ஒன்று போனாலும் மற்றது தாங்குமாம். மிரரிங் என்றார். கடையில் நான் ஜோடியாக ஒரே மாதிரி எடுக்கப் போனேன், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று. அவர் தடுத்துவிட்டார். ஒரே கம்பெனி, ஒரே நாளில் செய்தது என்றால் சொல்லிவைத்தாற்போல் இரண்டும் சேர்ந்தே போய்விடக்கூடுமாம். நானும் உன் அப்பாவும் வேறு வேறு கம்பெனி போலிருக்கிறது, அதுதான் அவர் மட்டும் கிளம்பிவிட்டார்.

எல்லாம் பொருத்தி வீடியோவும் ஓடியது. நான் விடவில்லை, முதல் டிரைவைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் வேணாம்மா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். நான் பிடித்த பிடியில் நின்றேன். அலுத்துக்கொண்டே கழற்றினார். பெட்டி எழவேயில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் நோண்டிவிட்டு, இரண்டாவதில் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுப்பிவிடும் பகுதியை முதலாவதில் மட்டும் போட்டுவிட்டேன் என்றார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அப்பா போன மறுநாள் எனக்கும் அதே கதிதான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், பேங்க் தெரியும், பூட்டு தெரியும், சாவி கைக்குள் இருந்தது, எதில் தொடங்குவதென்றுதான் தெரியவில்லை. திரும்பி வந்து, இதற்கும் எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். பாவம், அந்தப் பகுதியை இரண்டாவதிலும் போட்டார். மறுபடி முதலாவதைக் கழற்றினோம். இந்த முறை இரண்டாவது தனியாக எழுந்து ஓடியது. உன் அப்பா வெளிச்சம் பத்தல என்று குறை சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ ராத்திரி கண் விழித்து வேலை செய்யாதே. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே, வாய் உனக்கு என்னைப் போலத்தான். இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிட்டேனே, ஒரு டிரைவ் போனால் பெட்டியே மெயில் அனுப்புமாம், உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். மற்றதுதான் ஓடுகிறதே என்று சும்மா இருந்துவிடாதே. மிச்சமிருப்பதை ரொம்ப நாள் தனியாக ஓட விடக் கூடாதாம், கடைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ.

உன் அம்மா