அப்பாவின் ரம் பாட்டில்

ஞாயிறு, இரவு

இன்று அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். அவரோடு போரில் இருந்த செல்வராஜ் மாமா ஆஸ்டின் டவுனிலிருந்து வந்து, மிலிட்டரி கேன்டீன் ரம் பாட்டில் ஒன்றைப் படையலில் வைத்தார். "பார்டர்ல, அந்தப் பனியில, என் பங்கையும் சேத்துக் குடிப்பான்மா" என்றார்.

அம்மா நம்பவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு வாயில வச்சதில்லண்ணா. வாங்கற பாட்டிலெல்லாம் என் முட்டி வலிக்குத்தான் தேய்ச்சு விடுவாரு."

எனக்கு அம்மா சொன்னது புதிது. அவர் மேல் அடித்த வாசனையைக் குடி என்றே நினைத்திருந்தேன்.

எல்லோரும் போனபின் பாட்டிலை அலமாரியில் வைத்தேன். இப்போது அங்கே இல்லை. அம்மாவின் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளிருந்து அதே வாசனை. முட்டிக்குத் தேய்க்கிறாளா, ஒரு வாய் குடித்துப் பார்க்கிறாளா, தெரியவில்லை. நான் கதவைத் தட்டவில்லை.