படிவத்தில் ஓர் அடித்தல்

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து "ம்" என்பீர்கள். அந்தச் சத்தம் கேட்டதாக வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். நல்ல செய்தி. வீடு எங்களுக்கே என்று முடிவாகிவிட்டது.

நீங்கள் பார்க்காத வீடு. எழுபத்து மூன்றில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். அடுத்த வருடம் எங்கள் மகள் சாந்தி என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். மெல்பனிலிருந்து தொலைவான நாட்டுப்புறம். பருப்பு வாங்கவே டண்டினொங் பட்டணத்துக்கு ஒரு மணி நேரம் கார் ஓட வேண்டும். இங்குள்ள சிறிய ஆஸ்பத்திரியில் அவள் தாதி. பலகைச் சுவர், தகரக் கூரை, மழைத்தண்ணீர்த் தொட்டி. சமைக்கும்போது குசினி ஜன்னலைத் திறந்தால் பக்கத்துப் பண்ணை மாடு என்னைப் பார்த்தபடி அசைபோடும். வந்த புதிதில் அது மரியாதைக் குறைவாகப் பட்டது. இப்போது அதைக் காணாவிட்டால் தேடுகிறேன்.

வாடகைக்கு இருந்த இந்த வீட்டை விற்கப்போவதாக உரிமையாளர் மாசியில் சொன்னார். முதலில் எங்களைத்தான் கேட்டார், ஆனால் மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். மணமாகாத பெண்ணுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. மிஞ்சியது அரசாங்கம் பொறுப்பு நிற்கும் வீட்டுக் கடன். அது இந்த நாட்டுப்புற மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். இங்கிருந்து எழும்பினால் அந்தத் தகுதியும் போய்விடும். இன்னொரு நிபந்தனை, விண்ணப்பிப்பவர் தனியாள் என்றால், அவரில், அதாவது அவருடைய வருமானத்தில், தங்கி வாழும் ஒருவர் அதே வீட்டில் இருக்க வேண்டும்.

படிவத்தை நிரப்பியது நான்தான். நான் படித்த கன்னியர் மடத்தில் ஓர் அடித்தல் கண்டால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவைப்பார்கள் என்று உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஒரு பிசிறில்லாமல் எழுதிக்கொண்டே வந்தேன். 'தாயார் உங்களில் தங்கி வாழ்கிறாரா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை. சொந்த ஓய்வூதியம் உண்டு' என்று எழுதினேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் வேறென்ன எழுதுவாள்?

கடன் அலுவலகத்தில் இருந்த மெலிந்த மனிதர் அதை இரண்டு தரம் வாசித்தார். "மகளின் சம்பளத்தில்தானே வாழ்கிறீர்கள், அம்மணி?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"நான் எவரிலும் தங்கி வாழ்பவள் அல்ல" என்றேன், அவருடையதைவிடத் திருத்தமான ஆங்கிலத்தில்.

அவர் பேனையை மூடினார். "அப்படியென்றால் உங்கள் மகளுக்குத் தகுதி இல்லை. வியாழன் வரை இதை மேலே அனுப்பாமல் வைத்திருக்கிறேன்."

வீடு திரும்பும் வழியில் காரை ஓட்டியபடி சாந்தி கேட்டாள்:

"அம்மா, உங்கட பென்சன் எங்க?"

"யாழ்ப்பாணத்தில, பாங்கில."

"மூண்டு வருசத்தில இஞ்ச ஒரு சதம் வந்ததே?"

"சிலோன் அரசாங்கம் காசை வெளியால விடுகுதில்லை. அது என்ர பிழையே?"

"பிழையெண்டு ஆர் சொன்னது? ஆனா நீங்கள் எழுதினது பொய். சிஸ்டர்மார் இதையோ படிப்பிச்சவை?"

"காரை நிப்பாட்டு. நான் நடந்து வாறன்."

"பன்னிரண்டு மைல் அம்மா. அந்தச் செருப்போட?"

நான் நடக்கவில்லை என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். கடைசி வருடத்தில் உங்களுக்குக் கை வழங்கவில்லை; நான்தான் குழைத்து ஊட்டினேன். பார்க்க வந்தவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். நீங்களோ வாயைத் துடைக்கக் காட்டிக்கொண்டே, "நான் இப்ப இவவின்ர கையிலதான். நல்ல கை" என்பீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே ஆண்ட அதிபர்! உங்களுக்கு வெட்கம் வரவில்லையா? அப்போதே கேட்டிருக்கலாம். உங்களுக்கு ஊட்டியது எனக்கு ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. அப்படியானால் சாந்திக்கு மட்டும் நான் ஏன் பாரமாவேன்?

வியாழக்கிழமை போனேன். அடிமட்டம் கேட்டு வாங்கி, நான் எழுதியதன் மேல் ஒரே கோடு கீறினேன். 'ஆம். மகளில் தங்கி வாழ்கிறேன்' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

"இவ்வளவு நேரான அடித்தலை நான் இங்கே கண்டதில்லை" என்றார் அந்த மனிதர்.

காருக்குள் ஏறியதும் சாந்தி அழுதாள். நான் அழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

கடன் தருவதாகக் கடிதம் நேற்று வந்தது. படிவத்தை மேலே அனுப்பாமல் வைத்திருந்த அந்த மனிதருக்கும், பொறுத்திருந்த வீட்டுக்காரருக்கும் நன்றிக் கடிதம் எழுதிவிட்டேன். சாந்திக்கு வாயால் சொன்னேன், "என்ன அம்மா, காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். உங்களுக்கான நன்றி இந்தக் கடிதம்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவள் எனக்குக் குளிருடுப்பைப் பிடித்துத் தந்தால், 'எனக்குப் போடத் தெரியும்' என்று சொல்லமாட்டேன். கையை நீட்டுவேன். கறிக்கு அவள் போடும் உப்பை மட்டும் சரிபார்ப்பேன், அதை மன்னியுங்கோ.

உங்கள் மனைவி,
எங்கள் மகளில் தங்கி வாழும்
மேரி ஞானம்மா